ஆம்ப் பிறகு வாங்கலாம்

அன்புள்ள தம்பிக்கு,

சேர்த்து வைத்திருக்கும் 15,000 ரூபாயில் பாதிக்கு ஓப்பன் பேக் ஹெட்போனும் மீதிக்கு ஆம்ப்ளிஃபயரும் வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். பாட்டை ஊன்றிக் கேட்க வேண்டும் என்று உனக்கு ஆசை வந்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் இந்தப் பாதிக்குப் பாதிக் கணக்கு சரிவராது. பணத்தில் பெரும்பகுதி ஹெட்போனுக்கே போகட்டும். ஆம்ப் இப்போதைக்கு வேண்டாம்.

எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறாய் என்பதை முதலில் முடிவு செய். ஓப்பன் பேக் ஹெட்போனின் வெளிப்புறம் அடைக்கப்பட்டிருக்காது; கம்பி வலையோ துளையிட்ட தகடோதான் இருக்கும். ஒலியை எழுப்பும் மெல்லிய சவ்வு அசையும்போது காதுப் பக்கம் எழும் ஒலியைப் போலவே பின்பக்கமும் ஒலி எழுகிறது. மூடிய ஹெட்போனில் அந்தப் பின் ஒலி கிண்ணத்துக்குள் அடைபட்டு, மோதித் திரும்பி, முன்னால் வரும் ஒலியோடு கலந்துவிடும். திறந்த ஹெட்போனில் அது வெளியே போய்விடுகிறது. 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414 என்ற மாடலில் இந்த அமைப்பைக் கடைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கு நீ பார்க்கும் பல ஓப்பன் பேக் மாடல்கள் அதன் வழியில் வந்தவைதான்.

வெளியே போகும் ஒலி பக்கத்தில் இருப்பவர் காதிலும் விழும். அதே வழியாக வெளிச்சத்தம் உன் காதுக்கும் வரும். விடுதி அறையில் நான்கு பேரோடு இருந்தால் இதை வாங்காதே என்றுதான் சொல்வேன். பேருந்து, ரயில், நூலகம் எதற்கும் ஆகாது. உனக்கு மாடி அறை தனியாக இருக்கிறது, சரி. ஆனாலும் நம் ஊரில் இதற்குப் பெரிய எதிரி மின்விசிறி. ரெகுலேட்டரை ஐந்தில் வைத்துக்கொண்டு கச்சேரி கேட்டால் தம்புராவின் ரீங்காரம் அந்த இரைச்சலில் கரைந்துபோகும். இரண்டில் வை, அல்லது இரவு பத்து மணிக்கு மேல் கேள். நம் வெயிலில் இதற்கு ஒரு நன்மையும் உண்டு: மூடிய ஹெட்போனைப் போலக் காது வெந்து வியர்க்காது.

இத்தனை தொல்லையைப் பொறுத்துக்கொண்டு இதை ஏன் வாங்க வேண்டும்? ஒரு நல்ல கச்சேரிப் பதிவைப் போட்டு மிருதங்கத்தை மட்டும் கவனி. இடப்பக்கத் தொப்பியில் ரவைப் பசை ஒட்டியிருக்கும். அதில் உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்தி நகர்த்தும்போது கும்கி என்ற நாதம் எழும். மலிவான மூடிய ஹெட்போனில் அது ‘தொம்’ என்ற ஒரே வீக்கமாகக் கேட்கும். நல்ல ஓப்பன் பேக்கில் அந்த நாதம் தொடங்கும் இடம், மேலேறி வளையும் விதம், கை எடுத்ததும் அடங்கும் கணம் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். வலந்தலையின் சாப்பு அதன்மேல் ஒட்டாமல் தன் இடத்தில் நிற்கும். வாசிப்பவர்களும் தலைக்குள் நெருக்கியடித்து உட்காராமல் காதைவிட்டுச் சற்று விலகி அமர்ந்தது போலிருக்கும். எனக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவைப்படவில்லை.

எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்தால் கிடைக்கும் விரிவு எந்த ஹெட்போனிலும் வராது. ஐம்பது, அறுபதுகளின் திரைப்பாடல்கள் மோனோவில் பதிவானவை. இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான் போகும் என்பதால் எவ்வளவு விலை கொடுத்தாலும் குரல் நட்டநடுவில்தான் நிற்கும். பின் ஒலி வெளியேறுவதால் மிகக் கீழான பேஸும் குறையும். குத்துப்பாட்டு நெஞ்சில் இடிக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் மூடிய ஹெட்போன் வாங்குவதுதான் நியாயம்.

விலை ஏற ஏறத் தரமும் ஏறும் என்று நினைக்காதே. 2017இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்தார். கீழ் ஒலி முதல் மேல் ஒலி வரை ஒவ்வொன்றும் எவ்வளவு தருகிறது என்பதற்கும் அதன் விற்பனை விலைக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் அவர் கண்ட முடிவு. ஆகவே மாடலைப் பார், உன் காதால் கேள், விலையைக் கடைசியில் பார்.

உன் தொகையை ஒட்டிப் பேசப்படும் மூன்று மாடல்களை எடுத்துக்கொள்வோம். விலை மாதத்துக்கு மாதம் மாறும். தள்ளுபடிக்குக் காத்திருக்க வேண்டியும் வரலாம். ஒன்று சென்ஹைசர் எச்டி 560எஸ், இன்னொன்று பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவின் 250 ஓம் வகை, மூன்றாவது சீனாவின் ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ. முதல் இரண்டும் வழக்கமான சுருள் வைத்த டைனமிக் வகை. மூன்றாவது பிளேனர்: சவ்வின் பரப்பு முழுவதும் மின்தடம் ஓடும், காந்த வரிசை அதை மொத்தமாக அசைக்கும்.

கடைக்காரர்கள் உடனே ஓம் கணக்கை, அதாவது ஹெட்போனின் மின்தடையைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். “250 ஓம், ஆம்ப் இல்லாமல் ஓடவே ஓடாது” என்பார்கள். ஓம் மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு ஒலி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெட்டியில் அச்சிட்ட எண்களை வைத்துக் கணக்குப் போடலாம், வா. எச்டி 560எஸ் 120 ஓம்; 1 வோல்ட் கொடுத்தால் 110 டெசிபல். டிடி 990 ப்ரோ 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் தருகிறது. 250 ஓமில் 1 வோல்ட் என்பது 4 மில்லிவாட், ஆகவே 102 டெசிபல். எச்இ400எஸ்இ 25 ஓம், உணர்திறன் 91 டெசிபல்தான். ஆனால் 25 ஓமில் 1 வோல்ட் என்பது 40 மில்லிவாட் ஆகிவிடுவதால் 107 டெசிபல் வரை போகும். மூன்றில் டிடி 990தான் தணிந்து ஒலிக்கிறது, உண்மை. ஆனால் அது இழுக்கும் மின்னோட்டம் வெறும் 4 மில்லி ஆம்பியர். எச்இ400எஸ்இ அதைப்போல் பத்து மடங்கு, 40 மில்லி ஆம்பியர் கேட்கும். ஓம் குறைவு என்று நம்பி அதைப் பழைய போனில் சொருகினால் திணறுவது அங்கேதான்.

நாம் கேட்கும் ஒலி எவ்வளவு? நிம்மதியாகக் கேட்டால் சராசரி 75 டெசிபலைச் சுற்றித்தான் இருக்கும். தனி ஆவர்த்தனத்தின் உச்ச அடிகள் அதற்கு மேல் 20 டெசிபல் எகிறினாலும் 95. அதாவது சுத்தமான 1 வோல்ட் கிடைத்தால் மூன்று ஹெட்போனுக்குமே போதும். அந்த 1 வோல்ட் எங்கே கிடைக்கும் என்றால், ஆப்பிள் விற்கிற விரல் நீள யூஎஸ்பி-சி டோங்கிளில், அதாவது ஹெட்போன் ஜாக் தரும் இணைப்பானில் கிடைக்கும். (ஐரோப்பாவில் விற்கப்படும் வகை பாதிதான் தரும்; அங்கிருந்து யாராவது வாங்கி வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு.) ஒரே சிக்கல், பல ஆண்ட்ராய்டு போன்களில் அது முழு ஒலியை எட்டாமல் தணிந்தே ஒலிக்கும். உன் மடிக்கணினியில் அந்தத் தொல்லை இராது.

மடிக்கணினியின் சொந்த ஜாக்கும் பல நேரம் போதும். கேட்கும்போது ‘ம்ம்’ என்று ஓர் இரைச்சல் பின்னால் வந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பார். இரைச்சல் நின்றால் குறை ஹெட்போனில் இல்லை. எர்த் இல்லாத சுவர் இணைப்பிலோ சார்ஜரிலோ இருக்கிறது. ஆம்ப் வாங்கினாலும் அது போகாது.

பிறகு ஆம்ப் எப்போது வாங்க வேண்டும்? வால்யூமை முழுக்க வைத்தும் பாட்டு எட்டவில்லை என்றால் வாங்கு. பழைய கச்சேரிப் பதிவுகள் சில மிகத் தணிவாகப் பதிவாகியிருக்கும். அப்போது இது நேரும். ஈக்வலைசர் போட்டுக் கேட்பவர்களுக்கும் நேரும். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் பேஸை 6 டெசிபல் ஏற்றினால், ஒலி சிதையாமலிருக்க மொத்த அளவை 6 டெசிபல் இறக்க வேண்டும். இழந்ததை மீட்க 2 வோல்ட் தரும் ஆம்ப் உதவும். வோல்ட் இரட்டித்தால் 6 டெசிபல் கூடும்.

அந்த நாள் வந்தால் பார்க்க வேண்டியது மிகக் கொஞ்சம். ஆம்பின் அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது அதன் சொந்த மின்தடை, ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கட்டும். 1 ஓம் என்றால் கவலையே இல்லை. இது கூடினால் டைனமிக் ஹெட்போன்களின் பேஸ் தேவையில்லாமல் ஊதிக்கொள்ளும். வால்யூம் குமிழைச் சற்றே திருப்பியதும் இரண்டு காதிலும் சமமாக ஒலிக்கிறதா என்று பார். ஒலிப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயின் சுவிட்ச் இருந்தால் நல்லது. ஜேடிஎஸ் லேப்ஸ் ஆட்டம், ஷீட் மேக்னி, ஃபியோவின் சிறிய மாடல்கள் எல்லாமே உன் தேவைக்கு மேலானவை. 2011இல் தன் பெயரை வெளியிடாத ஒரு பொறியாளர் ஓ2 என்ற ஆம்பின் சுற்றுப்படத்தை எல்லோருக்கும் திறந்து கொடுத்தார். சாதாரணக் கடைப் பாகங்களைக் கொண்டே மனிதக் காது குறை காண முடியாத ஆம்பைச் செய்யலாம் என்பதை அளந்து காட்டினார். அதற்குப் பிறகும் ஆம்ப் மாற்றினால் பாட்டின் முகமே மாறும் என்று யாராவது சொன்னால் உன் பணத்தைப் பத்திரப்படுத்து. அந்த மாற்றம் வருவது ஹெட்போனை மாற்றும்போதுதான்.

இனி எந்த ஹெட்போன் என்பது. டிடி 990 ப்ரோவின் மேல் ஒலி கூர்மையானது. பாடகர் ஸ்வரம் பாடும்போது ஒவ்வொரு ‘ஸ’வும் சீறும், ஒரு ராகம் முடிவதற்குள் எனக்குக் காது களைத்துவிடும். அதன் ஒயரையும் கழற்ற முடியாது. மின்னணு இசை கேட்பவர்களுக்கு அந்தப் பளபளப்பு பிடிக்கிறது, உனக்குப் பிடிக்காது என்று நினைக்கிறேன். எச்இ400எஸ்இ குரலுக்கு அருமை, கீழ் ஒலியும் குழையாமல் நிற்கும். ஆனால் எடை 390 கிராம். எச்டி 560எஸ் 240 கிராம்தான், கண்ணாடி போட்ட முகத்துக்கும் ஒத்துவரும், குரலும் வயலினும் உள்ளது உள்ளபடி வரும். நான் உனக்குச் சொல்வது அதைத்தான். அதன் விலை கையில் உள்ளதைத் தாண்டினால் எச்இ400எஸ்இ வாங்கு, கழுத்துக்கு இடையிடையே ஓய்வு கொடு.

சென்னைக்குப் போகும்போது போட்டுப் பார்க்க விடும் கடை ஏதாவது இருந்தால், உனக்கு மனப்பாடமான பதிவை எடுத்துப் போ. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) நல்ல உரைகல். வி.எஸ். நரசிம்மனின் தனி வயலின் ஒருபுறம், வயலின் கூட்டம் மறுபுறம் என்று குவியும் இடங்களில் தனி வில்லை நீ தொடர்ந்து பிடித்துக்கொண்டு போக முடிகிறதா என்று பார். இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது இரண்டின் ஒலி அளவையும் சமமாக்கிக்கொள். கொஞ்சம் உரக்க ஒலிப்பது எதுவோ அதுவே நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். விற்பவருக்கும் இது தெரியும். இருபது நிமிடமாவது தலையில் வைத்திரு. முதல் இரண்டு நிமிடத்தில் தெரியாத இறுக்கம் அப்புறம்தான் தெரியும்.

காது மெத்தையும் ஒயரும் தனியாக மாற்றக் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள். நம் ஊர் ஈரக்காற்றில் செயற்கைத்தோல் மெத்தை சில வருடங்களில் உரியத் தொடங்கிவிடும். வெல்வெட் போன்ற துணி மெத்தை கூடுதலாக உழைக்கும்.

கடைசியாக, நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று. ஓப்பன் பேக்கில் வெளிச்சத்தம் நுழைவதால் வால்யூமை ஏற்றிக்கொண்டே போகத் தோன்றும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், அதுவே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். உள்காதில் அழிந்த மயிரணுக்கள் மறுபடி முளைப்பதில்லை. சத்தம் நுழைந்தால் ஜன்னலைச் சாத்து, விசிறியைக் குறை, வால்யூமைத் தொடாதே.

ஹெட்போனையும் டோங்கிளையும் வாங்கி இரண்டு மாதம் கேட்டுவிட்டு எழுது. எந்தப் பதிவில் ஒலி போதவில்லை, வால்யூம் எந்த அளவில் இருந்தது என்று குறித்து அனுப்பு. ஆம்ப் தேவையா என்பதை அதை வைத்துப் பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்