நீரேற்றியின் கண்ணும் கையும்

காவிரி ஆறு பெங்களூரு நகரை நோக்கித் தானாக ஓடி வருவதில்லை. அது நகருக்குத் தெற்கே, தாழ்ந்த நிலத்தின் வழியாகத் தமிழ்நாட்டை நோக்கிச் செல்கிறது. பெங்களூரோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டு நிலம். ஆகவே தொரேக்காடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாத்தகுனி ஆகிய மூன்று இடங்களில் பெரும் நீரேற்றிகளை நிறுவி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு, 500 மீட்டர் உயரம் அந்நீரை ஏற்றிக் கொண்டுவருகின்றனர். இத்திட்டத்தின் முதற்கட்டம் 1974ஆம் ஆண்டில் நிறைவேறியது.

இவ்வாறு மலையேறி வந்த நீர், ஆஸ்டின் டவுனில் ஒரு வீட்டின் வாசலை அடைந்ததும் நிலத்தடித் தொட்டியில் விழுகிறது. அதனை நாம் ‘சம்ப்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அங்கிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்றுவது வீட்டாரின் பொறுப்பு. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவதும் வீட்டாரே! “அக்கா, டேங்க் நிறைஞ்சு வழியுது!” என்று எதிர்வீட்டார் குரல் கொடுத்த பின்னரே பலருக்கு நினைவு வரும். 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நகரில் கடும் நீர்த்தட்டுப்பாடு நேர்ந்தது. அப்போது குடிநீரைக் கொண்டு வண்டி கழுவினால் 5,000 ரூபாய் தண்டம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அத்தகைய நீர் சுவரில் வழிந்து சாக்கடையில் கலப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

நம் முன்னோர் கிணற்றிலிருந்து ஏற்றத்தால் நீர் இறைத்தனர். ஒருவர் ஏற்றமரத்தின் மீது முன்னும் பின்னும் நடப்பார். கீழே நிற்பவர் சாலைப் பிடித்து நீரைக் கவிழ்ப்பார். எத்தனை சால் இறைத்தோம் என்பதைப் பாட்டிலேயே எண்ணிக்கொள்வர். கிணற்றில் நீர் குறைவதையும் வயலில் பாத்தி நிறைவதையும் கண்ணால் கண்டு, கையால் நிறுத்தினர். இன்று அந்தக் கண்ணின் வேலையையும் கையின் வேலையையும் சுவரில் மாட்டிய ஒரு சிறு மின்னணுப் பெட்டி செய்கிறது. பெட்டிக்குள் வரும் செய்தியை உள்ளீடு என்றும், பெட்டி பிறப்பிக்கும் கட்டளையை வெளியீடு என்றும் கூறுவர்.

உள்ளீடுகளைத் தருபவை மிதவைகள். நீர் உயர்ந்தால் மிதவை எழும், தாழ்ந்தால் தொங்கும். அதனுள் இருக்கும் மின்தொடர்பு அதற்கேற்பச் சேரும் அல்லது பிரியும். நம் வீட்டுக்கு மூன்று மிதவைகள் போதும். நிலத்தடித் தொட்டியில் ஒன்று. மாடித் தொட்டியின் மேல்மட்டத்தில் ஒன்று. அதன் கீழ்மட்டத்தில் ஒன்று. மாடித் தொட்டிக்கு ஒன்றே போதாதா என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றே இருந்தால், யாரேனும் ஒரு குவளை நீர் எடுத்தவுடன் மோட்டார் ஓடும், உடனே நிற்கும், மீண்டும் ஓடும். அடிக்கடி இவ்வாறு நிகழ்ந்தால் மோட்டார் சூடேறிக் கெடும். கீழ்மட்டத்தில் தொடங்கி மேல்மட்டத்தில் நிறுத்துவதே முறை. நீர் விழும்போது மிதவை தத்தளிக்கும் அல்லவா? அதனால் செய்தி ஐந்து நொடி மாறாமல் நின்ற பிறகே அதனை நம்புமாறு பெட்டியை அமைத்துவிடுவர்.

வெளியீட்டைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியில் உள்ள சிறு ரிலே மோட்டாரை நேராக இயக்காது. அது காண்டாக்டர் என்னும் பெரிய விசையை இயக்க, அவ்விசையே மோட்டாருக்கு மின்சாரம் விடும். பெட்டிக்கு மின்சாரம் நின்றுபோனால் காண்டாக்டர் தன் சுருள்வில்லால் விலகிவிடும், மோட்டாரும் நின்றுவிடும். இன்னொரு வெளியீடு எச்சரிக்கை மணிக்குச் செல்லும்.

கருத்தூன்ற வேண்டிய இடம் இனித்தான் வருகிறது. தேர்ந்த மின்பணியாளர் மிதவையை இணைக்கும் முன்னர் ஒரு கேள்வி கேட்பார்: “இந்தக் கம்பி அறுந்துபோனால் பெட்டி என்ன நினைக்கும்?”

மாடித் தொட்டி நிறைந்ததும் மேல்மிதவையின் தொடர்பு சேரும்படி அமைத்தோம் என்று கொள்வோம். எலி கம்பியைக் கடித்துவிட்டது. தொட்டி நிறைந்தும் தொடர்பு சேரவில்லை. ‘இன்னும் நிறையவில்லை’ என்று பெட்டி எண்ணுகிறது, நீர் வழிந்தோடுகிறது. இதனையே திருப்பி அமைத்தால் என்ன? நிறையாத வரை தொடர்பு சேர்ந்திருக்கட்டும், நிறைந்ததும் பிரியட்டும். இப்போது கம்பி அறுந்தாலும் பெட்டி ‘நிறைந்துவிட்டது’ என்றே கொள்ளும், மோட்டார் நிற்கும். குழாயில் நீர் வராததைக் கண்டு வீட்டார் பழுதைத் தேடுவர். அதேபோல் நிலத்தடித் தொட்டியின் மிதவை, நீர் உள்ளபோது சேர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் கம்பி அறுந்த நாளில் மோட்டார் வறண்ட தொட்டியில் ஓடும். நீரால் குளிர வேண்டிய அதன் அடைப்பு வளையம் வெந்து கெடும். இரண்டு அமைப்பும் புதிதாகப் போட்ட அன்று ஒன்றுபோலவே வேலை செய்யும். வேறுபாடு பழுது நேரும் நாளில்தான் தெரியும்.

எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. ஈரத்தால் இரு கம்பிகளும் ஒட்டிக்கொண்டால், தொடர்பு எப்போதும் சேர்ந்தே இருக்கும். திருப்பி அமைத்த மிதவையும் அப்போது ஏமாற்றிவிடும். இதற்குக் காலவரம்பே காவல். மாடித் தொட்டி 1,000 லிட்டர் கொள்ளும். மோட்டார் நிமிடத்துக்கு 50 லிட்டர் ஏற்றும் என்றால், 20 நிமிடத்தில் நிறைந்துவிட வேண்டும். 25 நிமிடம் கடந்தும் மோட்டார் ஓடினால், மிதவை என்ன சொன்னாலும் நிறுத்தி, மணியை ஒலிக்குமாறு பெட்டியை அமைக்கலாம். ஏற்றப்பாட்டில் சால் எண்ணியதும் ஏறத்தாழ இத்தகைய கணக்குத்தான்.

சொற்பொருள்
சால் – நீர் இறைக்கும் கலம்
பாத்தி – வரப்பால் பிரித்த சிறு நிலப்பகுதி
தண்டம் – அபராதம்
விசை – இங்கு, மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் உதவும் கருவி

பயிற்சி
1. மாடித் தொட்டியின் கீழ்மிதவை, நீர் குறைந்ததும் சேரும்படி அமைந்துள்ளது. அதன் கம்பி அறுந்தால் என்ன நேரும்? அதனால் மோட்டாருக்குக் கேடு உண்டா?
2. 1,500 லிட்டர் தொட்டியை நிமிடத்துக்கு 60 லிட்டர் ஏற்றும் மோட்டார் நிரப்புகிறது. காலவரம்பை எத்தனை நிமிடமாக வைப்பீர்கள்? காரணம் கூறுக.
3. ‘சேர்’, ‘பிரி’ ஆகிய வினைகளைப் பாடத்தில் வந்த பொருளிலும் வேறு பொருளிலும் அமைத்து நான்கு தொடர்கள் எழுதுக.
4. உங்கள் வீட்டில் அல்லது ஊரில் முன்பு நீர் இறைத்த முறையைப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக. அவர்கள் சொன்ன கருவிப் பெயர்களை அவ்வாறே எழுதுக.