ஆவுளியாவும் பங்குனி ஆமையும்

கேள்வி: கடல் பசு, பங்குனி ஆமை இரண்டுக்கும் ஒரே அளவு ஆபத்துதானா? – வாசகர், விஸ்வநத்தம்

பதில்: உயிரினங்களின் அழிவு ஆபத்தைப் படிப்படியாக வகைப்படுத்தும் உலகச் சிவப்புப் பட்டியலில் இரண்டும் ஒரே படியில்தான் நிற்கின்றன: ‘அழிவாய்ப்பு இனம்’. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இரண்டையும் முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. ஆனால், படி ஒன்று என்பதால் நிலைமையும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடல் பசு, பாலூட்டி. கடற்புல்லை மேயும் இதற்கு நிலத்தில் நெருங்கிய சொந்தம் யானைதான்! இதன் குடும்பத்தில் இன்று மிஞ்சியிருப்பது இந்த ஓர் இனமே. இன்னொன்றான ஸ்டெல்லர் கடல் பசு 1741-இல் கண்டறியப்பட்டு, வேட்டையால் 1768-க்குள் அழிந்தது. ஆவுளியா ஒரு வருடத்துக்கு மேல் கர்ப்பம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்குச் சில வருடங்கள் ஆகும். இந்தியாவில் எஞ்சியிருப்பவை சில நூறுதான்.

பங்குனி ஆமை ஊர்வன வகை. ஒரே தடவையில் சுமார் நூறு முட்டையிடும். ஒடிசா கரைக்கு லட்சக்கணக்கில் வருகிறது. எனவே இந்தியக் கடலில் அதிகம் கவலைப்பட வேண்டியது ஆவுளியாவுக்காகத்தான்.

இரண்டுமே நுரையீரலால் சுவாசிப்பவை. வலையில் சிக்கினால் மூச்சுமுட்டிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆவுளியாவுக்காக 2022-இல் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதல் கடல் பசுக் காப்பகம்.