இழுப்பது வேறு, தாங்குவது வேறு: பிக்கப்புக்கு ஏற்ற டிராவல் டிரெய்லரைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் டிராவல் டிரெய்லர் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் முதலில் கேட்பது, என்ன டிரக் வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான். ஃபோர்ட் எஃப்-150, ராம் 1500, சில்வராடோ 1500 என்று ஏதோ ஒரு பெயரைச் சொன்னால் போதும், தாராளமாக இழுக்கும் என்பார். பொய்யில்லை, இழுக்கும். விளம்பரத் தாளிலும் 9,000 பவுண்டு, 11,000 பவுண்டு என்று இழுவைத் திறன் கொட்டை எழுத்தில் இருக்கும். ஒரு பவுண்டு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

ஆனால் இழுப்பது வேறு, தாங்குவது வேறு. மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரியும். மூட்டைகளை முன்னால் கூட்டி அடுக்கினால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்னால் அடுக்கினால் பின்பாரம். நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். டிரெய்லரும் அப்படித்தான். அதன் மூக்கு டிரக்கின் கொக்கியில் உட்காரும்போது கீழே அமுக்கும் பாரத்துக்கு டங் வெயிட் என்று பெயர். டிரெய்லரின் மொத்த எடையில் இது 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் பின்பாரம், நெடுஞ்சாலையில் வால் ஆடும். கூடினால் டிரக்கின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரப் பிடி தளரும்.

முதல் படி: டிரைவர் கதவைத் திறங்கள்

விளம்பரத் தாளை மடித்து வைத்துவிட்டு, டிரைவர் பக்கக் கதவு நிலையில் டயர் காற்றழுத்தம் எழுதிய ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கும். அதுதான் பேலோட். டிரெய்லரின் டங் வெயிட்டும் இந்தக் கணக்கில்தான் சேரும். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே எஞ்சின் என்றாலும் இந்த எண் வண்டிக்கு வண்டி மாறும். சன்ரூஃப், நான்கு சக்கர இயக்கம், சொகுசு இருக்கை என்று ஏற ஏற பேலோட் இறங்கும். விலை கூடிய டிரக் குறைவாகத்தான் சுமக்கும் என்பதை எந்தக் கடையிலும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். பழைய டிரக் வாங்குகிறீர்கள் என்றால் கதவு ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஹாஃப் டன் டிரக் என்ற பெயரையும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது அந்தக் காலத்துச் சுமையளவு, இன்று வெறும் பெயர்.

தாளில் உள்ள இழுவைத் திறன் கற்பனை எண் என்று சொல்லவில்லை. எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற பொது அளவுகோல் இருக்கிறது. அரிசோனாவின் டேவிஸ் அணையிலிருந்து மேலேறும் சுமார் 11 மைல் மலைச்சாலையில், ஏ.சி.யை முழுதாக வைத்துக்கொண்டு, வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும் என்பது அதில் ஒரு சோதனை. ஆனால் அந்தக் கணக்கில் டிரக்கில் இருப்பவர்கள் இருவர், ஆளுக்கு 150 பவுண்டு. பிள்ளைகள் இல்லை, ஐஸ் பெட்டி இல்லை, அரிசி மூட்டை இல்லை.

இரண்டாம் படி: வீட்டாரை எடை போடுங்கள்

என் டிரக்கின் கதவில் இருந்த எண் 1,480. நாங்கள் நால்வரும் சேர்ந்து 450 பவுண்டு. டிரெய்லரை மாட்டும் எடைப் பகிர்வு ஹிட்ச் 90. டிரக்கின் பின்பெட்டியில் ஜெனரேட்டர், மடக்கு நாற்காலிகள், ஐஸ் பெட்டி, 20 பவுண்டு பொன்னி அரிசி, டேபிள் டாப் கிரைண்டர் எல்லாமாக 190. கிரைண்டர் எதற்கு என்று கேட்காதீர்கள். அது வீட்டில் பேசி முடிவானது.

கழித்தால் மிச்சம் 750. டங் வெயிட் 13 சதவீதம் என்று வைத்து 750-ஐ 0.13-ஆல் வகுத்தால் சுமார் 5,770 பவுண்டு வருகிறது. தாளில் 9,000-க்கு மேல் போட்டிருந்த டிரக்குக்கு, எங்கள் குடும்பத்தோடு சேர்த்தால் இதுதான் நிஜமான வரம்பு.

மூன்றாம் படி: டிரை வெயிட்டை நம்பாதீர்கள்

அமெரிக்க டிரெய்லர்களில் பெரும்பாலானவை இண்டியானா மாநிலத்தின் எல்க்கார்ட் வட்டாரத்தில் தயாராகின்றன. அங்கிருந்து வெளியே வரும்போது உள்ள வெற்று எடைதான் டிரை வெயிட். நீங்கள் ஒருநாளும் வெற்று டிரெய்லரை இழுக்கப் போவதில்லை. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டுக்கு மேல். அதற்கு மேல் பேட்டரி, கேஸ், பாத்திரம், படுக்கை, துணிமணி.

ஆகவே ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் உச்ச எடையை எடுத்து, அதில் 13 சதவீதம் உங்கள் மிச்ச பேலோடுக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். எனக்குப் பிடித்த டிரெய்லரின் டிரை வெயிட் 4,700, உச்ச எடை 6,300. 13 சதவீதம் 819. அடங்கவில்லை. முழுதாக நிரப்ப மாட்டோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாங்கிவிட்டேன்.

நான்காம் படி: கொக்கியும் பிரேக்கும்

டிரக்கின் அடியில் ஹிட்ச் பொருத்தும் சட்டத்திலும் ஒரு ஸ்டிக்கர் உண்டு. எடைப் பகிர்வு ஹிட்ச் இல்லாமல் எவ்வளவு, இருந்தால் எவ்வளவு என்று இரண்டு வரிகள். இந்த ஹிட்ச்சின் கம்பிகள் பின் அச்சில் விழும் பாரத்தில் கொஞ்சத்தை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளும். கதவில் உள்ள எண்ணை அது கூட்டித் தராது.

டிரெய்லரின் மின் பிரேக்கை இயக்க டிரக்கில் பிரேக் கன்ட்ரோலர் வேண்டும். கிளம்புமுன் காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டி, அதன் கைநெம்புகோலை மட்டும் அழுத்திப் பாருங்கள்; டிரெய்லர் பின்னாலிருந்து பிடித்து இழுப்பது தெரிய வேண்டும். சாலையில் வால் ஆடினால் டிரக்கின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, அந்த நெம்புகோலை அழுத்துங்கள். வேகத்தை அடக்கி வையுங்கள். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுப்பவருக்குச் சட்டமே 55 மைல்தான்.

ஐந்தாம் படி: எடை மேடையில் ஏற்றுங்கள்

நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கும். முன் அச்சு ஒரு பலகையில், பின் அச்சு அடுத்ததில், டிரெய்லர் மூன்றாவதில் நிற்க வேண்டும். பயணத்துக்குக் கட்டிய சாமானோடு, வீட்டாரையும் உட்கார வைத்துக்கொண்டு ஏறுங்கள். முதலில் ஹிட்ச்சின் கம்பிகளைத் தளர்த்தி ஒரு எடை. பிறகு டிரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டு டிரக்குக்கு மட்டும் ஒரு எடை.

எங்கள் முதல் சீட்டில் முன் அச்சு 3,000, பின் அச்சு 3,880, டிரெய்லர் 5,020. டிரக் மட்டும் நின்றபோது முன்னால் 3,320, பின்னால் 2,780; மொத்தம் 6,100. டிரெய்லரோடு டிரக்கின் மொத்தம் 6,880 என்பதால் டங் வெயிட் 780. டிரெய்லரின் முழு எடை 5,800. 13.4 சதவீதம், கணக்குக்கு அழகுதான். முன் அச்சில் குறைந்த 320 பவுண்டைப் பாருங்கள். கம்பிகளை இறுக்குவது அதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொண்டுவரத்தான்.

ஆனால் கதவில் டிரக்கின் உச்ச எடை 6,850 என்று இருந்தது. முப்பது பவுண்டு அதிகம். கடையில் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானத்தின் விலை அது.

கிரைண்டரையும் அரிசியையும் பின்பெட்டியிலிருந்து இறக்கி, டிரெய்லருக்குள் அச்சுக்கு நேர் மேலே தரையில் வைத்துக் கட்டினோம். மறு எடைக்குக் கட்டணம் குறைவு. சீட்டில் டிரக் 6,830. இருபது பவுண்டு மிச்சம். வழியில் ஒரு கட்டு விறகு வாங்கினால் தீர்ந்தது. அடுத்த பயணத்தில் ஜெனரேட்டர் வீட்டிலேயே இருந்தது. கிரைண்டர் வந்தது.