தரவுகள் போதுமா?

பாடசாலையில் நாம் கணக்கைச் செய்து விடை காணப் பழகியவர்கள். போட்டிப் பரீட்சையில் "விடை என்ன?" என்று கேளாமல், "விடை காணத் தரப்பட்ட தரவுகள் போதுமா?" என்று கேட்டால் திகைத்து விடுகிறோம். கணிதத்தில் கெட்டிக்காரரும் இங்கே புள்ளிகளை இழப்பதுண்டு. ரியூசன் வசதியில்லாத கிராமத்துப் பிள்ளைகள் இவ்வினாக்களை வெறுமனே விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம். இதற்கு வேண்டியது உயர்கணிதமல்ல, பொறுமையான வாசிப்பு.

முகாமைத்துவப் பட்டமேற்படிப்புக்காக உலகெங்கும் எழுதப்படும் ஜீமற் பரீட்சையில் இவ்வகை வினா நெடுங்காலமாக உண்டு. 2023 இல் வந்த அதன் புதிய வடிவில், இது கணிதப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டுத் தரவுகளைக் கையாளும் பகுதியில் சேர்க்கப்பட்டது. அப்பகுதியில் 45 நிமிடங்களில் 20 வினாக்கள். இந்திய வங்கிகளின் ஆட்சேர்ப்புப் பரீட்சைகளிலும் இதைக் காணலாம். நம் நாட்டு உளச்சார்பு, நுண்ணறிவு வினாத்தாள்களுக்கு ஆயத்தமாவோருக்கும் இது நல்ல பயிற்சி.

ஒரு வினாவும் இரண்டு கூற்றுகளும் தரப்படும். விடைகள் ஐந்து:

அ. கூற்று 1 மட்டும் போதும். 2 மட்டும் போதாது.
ஆ. கூற்று 2 மட்டும் போதும். 1 மட்டும் போதாது.
இ. தனித்தனியே போதா, இரண்டும் சேர்ந்தால் போதும்.
ஈ. ஒவ்வொன்றும் தனியே போதும்.
உ. இரண்டும் சேர்ந்தும் போதா.

இது ஜீமற் ஒழுங்கு. வேறு பரீட்சைகளில் ஒழுங்கு மாறும். ஆகவே அறிவுறுத்தலை வாசியாமல் விடையைக் குறிக்க வேண்டாம்.

ஓர் உதாரணம். செவ்வக வடிவான வயலொன்றின் பரப்பளவு என்ன? (1) சுற்றளவு 100 மீற்றர். (2) நீளம் அகலத்திலும் 10 மீற்றர் கூட. சுற்றளவு மட்டும் தெரிந்தால் வயல் 40க்கு 10 ஆகவும் இருக்கலாம், 30க்கு 20 ஆகவும் இருக்கலாம். இரண்டாங் கூற்றும் தனியே ஒன்றும் தராது. இரண்டையும் சேர்த்தால் நீளம் 30, அகலம் 20 என்று ஒரேயொரு வயல்தான் வரும். விடை இ. பரப்பளவு 600 சதுர மீற்றர் என்று பெருக்கிப் பார்க்க வேண்டியதேயில்லை. ஒரே விடைதான் வரும் என்று தெரிந்தவுடன் பென்சிலை வைத்துவிடலாம். வினாவில் "செவ்வகம்" என்பதற்குப் பதில் "சதுரம்" என்றிருந்தால் முதலாங் கூற்றே போதும். ஒரு சொல்லில் விடை மாறிவிடுகிறது.

முதலாங் கூற்றை ஆராயும்போது இரண்டாவதைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். அது போதுமானால் விடை அ அல்லது ஈ. போதாவிட்டால் ஆ, இ, உ ஆகியவற்றில் ஒன்று. பின்பு முதலாவதை மறந்துவிட்டு இரண்டாவதைப் பாருங்கள். இந்த மறதிதான் கடினம்! இரண்டும் தனியே போதாதபோது மாத்திரமே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அவசரக்காரர் அதிகம் விழும் குழி இது: சங்கக்கடையில் 80 ரூபாக் கொப்பிகளும் 140 ரூபாக் கொப்பிகளும் வாங்கினோம். 140 ரூபாக் கொப்பிகள் எத்தனை? (1) மொத்தச் செலவு 760 ரூபா. (2) மொத்தம் 8 கொப்பிகள். தெரியாத கணியங்கள் இரண்டு, ஆகவே சமன்பாடும் இரண்டு வேண்டும் என்று பலர் "இ" எனக் குறிப்பார்கள். ஆனால் கொப்பியை அரைவாசியாக வாங்க முடியாதே! 140 ரூபாக் கொப்பியை 1, 2, 3 என்று வைத்துப் பாருங்கள். மிகுதிப் பணம் 80 ஆல் மீதியின்றி வகுபடுவது 2 கொப்பிகளுக்கு மட்டுமே, மற்றவை 6. எனவே விடை அ. செலவு 1,320 ரூபாவாயின் கதை வேறு. 140 ரூபாக் கொப்பிகள் 2 ஆகவும் இருக்கலாம், 6 ஆகவும் இருக்கலாம். அப்போது முதலாங் கூற்று போதாது. ஆகவே முழு எண் என்று கண்டதும் "போதும்" என்று பாயாமல், வைத்துப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

"ஆம், இல்லை" வினாக்களிலும் கவனம் தேவை. ஒருவரிடம் 20க்கு மேற்பட்ட ஆடுகள் உண்டா? கூற்று: அவரிடம் 15க்கு மேல் இல்லை. விடை "இல்லை" என்பதால் தரவு போதாது என்று சிலர் மயங்குவர். திட்டமான "இல்லை" யும் விடைதான், தரவு போதும். "12க்கு மேல் உண்டு" என்றால்தான் போதாது, ஏனெனில் 13 உம் ஆகலாம், 30 உம் ஆகலாம்.

ஜீமற் வினாக்களில் இரு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பதில்லை. ஒன்று 6 என்றும் மற்றது 9 என்றும் விடை தந்தால் உங்கள் கணக்கில்தான் பிழை.

சனசமூக நிலையத்தில் நாலைந்து பேர் கூடிப் படிப்பவர்கள், தாங்களே வினாக்களை ஆக்கி ஒருவருக்கொருவர் கொடுத்துப் பார்க்கலாம். தொடக்கமாக ஒன்று: பால் சேகரிப்பு நிலையத்துக்குத் திங்களன்று வந்த பால் எத்தனை லீற்றர்? (1) செவ்வாயன்று வந்தது திங்களிலும் 20 சதவீதம் கூட. (2) திங்கள், செவ்வாய் அளவுகளின் விகிதம் 5:6. இரண்டும் ஒரே செய்தியையே சொல்வதால் விடை உ. இரண்டாங் கூற்றை "செவ்வாயன்று 30 லீற்றர் கூட வந்தது" என்று மாற்றிவிட்டு, விடை எதுவாகும் என்று நீங்களே சொல்லுங்கள்.