வரப்பு போனால் போகட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கட்டுரையைப் படித்தேன். குவாத்தமாலாவின் மலைக்கிராமங்களைப் பற்றி இத்தனை தேடிப் படித்திருக்கிறாய், மனம் நிறைந்தது. ஆனால் கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்த கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. ‘திட்டம் முடிந்தபின் கற்றுக்கொடுத்த உத்திகளில் பலவற்றை விவசாயிகள் கைவிட்டுவிட்டார்கள். அப்படியானால் அது தோற்றுப்போன திட்டம்தானே?’

இல்லை, தம்பி. தோற்கவில்லை.

நீ எடுத்துக்கொண்டது சான் மார்ட்டின் ஹிலோட்டெபெக்கே. கக்சிக்கெல் மாயர்கள் வாழும் மேட்டுநிலம். 1972-ல் வேர்ல்டு நெய்பர்ஸ் அமைப்பு ஆக்ஸ்ஃபாமின் உதவியோடு அங்கே வேலையைத் தொடங்கியபோது மக்காச்சோளம் ஹெக்டேருக்கு 400 கிலோ அளவில்தான் விளைந்தது. ஒவ்வொரு மழைக்கும் சரிவிலிருந்து மண் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. விளைந்தது வீட்டுக்கே போதாமல் தென்கடற்கரைத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போனார்கள். 1979-ல் திட்டம் முடிந்தபோது விளைச்சல் 2,500 கிலோவை எட்டியிருந்தது. 1994-ல், முன்பு அங்கே வேலை செய்த ரோலண்ட் பஞ்சும் கபினோ லோபெசும் ஆய்வுக்காகத் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். நீ சொன்னது சரிதான், பழைய உத்திகளில் பல வயல்களில் இல்லை. ஆனால் அதே ஆய்வில் இருக்கும் அடுத்த எண்ணை ஏன் தாண்டிப் போனாய்? ஆய்வுக்கு எடுத்த ஊர்களில் விளைச்சல் 4,500 கிலோ அளவுக்கு ஏறியிருந்தது. திட்டக்காரர்கள் போய்ப் பதினைந்து ஆண்டு. நடுவே உள்நாட்டுப் போரின் மிகக் கொடிய காலம் வேறு. அத்தனைக்கும் பிறகு இந்த விளைச்சல்!

விதை மாறும், உரத்தின் விலை ஏறும், சந்தையில் கேட்கும் பொருள் மாறும். அப்போது உத்தியும் மாறத்தான் வேண்டும். 1975-ல் சொன்னதை 1994-லும் அப்படியே செய்துகொண்டிருந்தார்கள் என்று படித்திருந்தால்தான் எனக்குக் கவலையாக இருந்திருக்கும்.

அங்கே என்னதான் கைமாறியது என்று புரிய, மட்டம் பார்க்கும் சட்டத்தைக் கவனி. எனக்கு மிகப் பிடித்த கருவி அது. ஒரே நீளமுள்ள இரண்டு கழிகளை மேலே சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்கே ஒரு கழி. உச்சியிலிருந்து நூலில் ஒரு கல் தொங்கும். தரையில் ஊன்றி, நூல் குறுக்குக் கழியைத் தொடும் இடத்தில் ஒரு கீறல் போடவேண்டும். பிறகு சட்டத்தைத் திருப்பி, ஒரு கால் இருந்த இடத்தில் மற்றக் காலை வைத்து இன்னொரு கீறல். இரண்டுக்கும் சரிநடுவில் மூன்றாவது கீறல். நூல் அங்கே நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. இனி ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சுழற்றி, மட்டம் வரும் இடத்தில் எல்லாம் முளை அடித்துக்கொண்டே சரிவின் குறுக்கே நடக்கலாம். முளைகளின் வரிசையில் வாய்க்கால் வெட்டி, கரையில் வரப்பு போட்டுப் புல் நட்டால் ஓடும் நீர் நிற்கும், மண் தங்கும், புல் மாட்டுக்கு ஆகும்.

கழி வெட்டியவரும் கீறல் போட்டவரும் விவசாயிதான். கருவி சரியா, தப்பா என்று அவரே சோதித்துக்கொள்ளலாம். பொறியாளருக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்று கற்றவர் நாளை பக்கத்து நிலத்துக்காரருக்குக் கக்சிக்கெல் மொழியிலேயே சொல்லித்தரலாம். பஞ்ச் 1982-ல் வெளியிட்ட ‘இரண்டு சோளக்கதிர்கள்’ என்ற நூலில் வலியுறுத்துவதும் இதுதான்: எதையும் முதலில் நிலத்தின் ஒரு மூலையில் செய்து பார், பழைய முறைக்குப் பக்கத்திலேயே வைத்து ஒப்பிடு. தப்பினால் ஒரு மூலைச் சோளம்தான் போகும், வீடு பட்டினி கிடக்காது. இப்படி ஒப்பிட்டுப் பழகியவர் அடுத்த உத்திக்கு யார் வாயையும் பார்க்கமாட்டார். அந்தக் கக்சிக்கெல் விவசாயிகளே பிறகு மெக்சிகோவின் த்லஸ்கலா மாநிலத்தில் விசெந்தே கெரேரோ என்ற ஊரைச் சேர்ந்தவர்களுக்கு ஆசான்களானார்கள். எண்பதுகளில் அந்த மெக்சிகோ விவசாயிகள் நிகரகுவாவுக்குப் போய்க் கற்றுக்கொடுத்தார்கள். வரப்பு போனால் போகட்டும். தானே சோதித்துப் பார்த்து அடுத்தவருக்குச் சொல்லித்தரும் இந்தப் பழக்கம் போகவில்லை.

அடுத்து, நீ எழுதிய ஒரு வாக்கியம்: ‘உள்ளூர்ப் பங்காளி அமைப்பு வழியாக நடத்தினால் மக்கள் பங்கேற்பு உறுதியாகிறது.’ எப்படி உறுதியாகும்? அலுவலகம் தலைநகரில், அறிக்கை ஸ்பானிய மொழியில், கூட்டத்துக்கு வந்தவர்களின் கைநாட்டுப் பதிவேடு நிதி கொடுத்தவருக்கு. அப்படியும் உள்ளூர் அமைப்புகள் உண்டு. முகவரியைப் பார்க்காதே, யாருக்குக் கணக்குக் காட்டுகிறது என்று பார். குவாத்தமாலாவின் டொட்டோனிகபானில் கிச்சே மாயர்களின் 48 கந்தோன்கள் (ஊர்ப் பிரிவுகள்) அமைப்பைப் படி. பொறுப்பாளர்களை ஊர்ச்சபை ஓராண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறது. சம்பளம் கிடையாது, ஊர்க்கடன் என்று செய்கிறார்கள். 20,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பொதுக்காட்டையும் அதன் ஊற்றுகளையும் அந்த ஊர்கள்தான் காத்துவருகின்றன. அங்கே தவறு செய்த பொறுப்பாளர் மறுநாள் அதே தெருவில் நடந்தாக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘விழிப்புணர்வு ஊட்டுதல்’ என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறாய். படிக்கப் படிக்கக் கோபம் வந்தது. மக்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து நல்லது செய்யப் போனால் எங்கே போய் நிற்கும் என்று பார். மிகேல் ஆங்கெல் அஸ்துரியாஸ் 1967-ல் நோபல் பரிசு பெற்ற குவாத்தமாலா எழுத்தாளர். 1923-ல் சட்டப் படிப்புக்கு அவர் எழுதிய ஆய்வேட்டில், பழங்குடி மக்களின் ‘பிரச்சினை’க்கு மருந்தாகச் சொன்னது என்ன தெரியுமா? ஐரோப்பியர்களைக் குடியேற்றி இரத்தத்தைக் கலப்பது! நல்லது செய்யும் ஆசையில்தான் எழுதினார், அதுதான் பயங்கரம். பிறகு பாரிசில் மாயர்களின் போப்போல் வூ நூலைப் பாடம் கேட்டார், அதை ஸ்பானிய மொழிக்குக் கொண்டுவருவதில் பங்குகொண்டார். 1949-ல் அவர் எழுதிய ‘மக்காச்சோள மனிதர்கள்’ நாவலை நான் மறுபடி மறுபடி எடுத்துப் படிப்பேன். உண்பதற்கு விதைப்பவர்களும், விற்பதற்காகக் காட்டை எரிப்பவர்களும் மோதும் கதை. மக்காச்சோள மாவால்தான் மனிதன் செய்யப்பட்டான் என்று நம்பும் மக்களிடம் அதை வெறும் சரக்காகப் பார்க்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதைத் திட்ட அறிக்கைகளைவிட எனக்கு அந்த நாவல்தான் நன்றாகப் புரியவைத்தது. நீயும் படி.

உதவி எப்படி வரவேண்டும் என்பதற்கும் ஒரு பாடம் உண்டு. சான் மார்ட்டின் திட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, 1976 பிப்ரவரி 4 அன்று குவாத்தமாலாவை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 23,000 பேர் இறந்தார்கள். மண்கல் சுவரும் கனமான ஓட்டுக்கூரையும் தூங்கியவர்கள்மேல் சரிந்தன. உதவி வெள்ளமாக வந்தது. ஆக்ஸ்ஃபாமும் வேர்ல்டு நெய்பர்ஸும் கூரைத் தகரத்தைச் சும்மா கொடுக்காமல் குறைந்த விலைக்கு, உள்ளூர்க் கூட்டுறவு வழியாக விற்றன. கூடவே நிலம் ஆடினாலும் நிற்கும் வீட்டை எப்படிக் கட்டுவது என்று உள்ளூர்க்காரர்களையே பயிற்றுவித்து ஊர் ஊராக அனுப்பின. இதைக் கல்நெஞ்சம் என்பாயோ? இலவசம் வரும் என்று காத்திருக்கும் ஊரில் கூட்டுறவு ஒன்று உயிரோடு இருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

‘அரசியல் சாராத அமைப்பு’ என்று நீ பாராட்டாக எழுதியிருப்பதையும் அடித்துவிடு. எண்பதுகளின் தொடக்கத்தில், உள்நாட்டுப் போரின்போது, மாய விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்ததையே கலகம் என்று ராணுவம் எடுத்துக்கொண்டது. 1999-ல் வந்த உண்மை ஆணைய அறிக்கை, போர்க்காலம் முழுவதிலும் கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் 200,000 பேருக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டது. அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயர்கள். சொந்தக் காலில் நிற்க மக்களுக்குச் சொல்லித்தருகிறவன், அதற்கு அவர்கள் என்ன விலை கொடுக்க நேரும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உன் கட்டுரையில் அந்தப் போர் ஒரு வரிகூட இல்லை.

திருத்தும்போது, பயிற்சி பெற்றவர்களின் தொகை போட்ட பட்டியலை எடுத்துவிடு. கற்றுக்கொடுத்தவர் யார், எந்த மொழியில் பேசினார், அவருக்குச் சம்பளம் கொடுத்தது யார், வேண்டாம் என்று அவரை நிறுத்தும் உரிமை யாரிடம் இருந்தது என்று தேடி எழுது. ‘மாய மொழி’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாதே, குவாத்தமாலாவில் மட்டும் 22 மாய மொழிகள் உண்டு. பஞ்சின் நூல் என்னிடம் இருக்கிறது. வரும் வாரம் வீட்டுக்கு வா, எடுத்துக்கொண்டு போகலாம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்