விரலுக்குப் பதில் சொல்லும் பக்கம்

அன்புள்ள தம்பி,

மோகனூரில் இருந்தபடியே இணையதளங்கள் டிசைன் செய்ய ஆரம்பித்துவிட்டாய் என்பதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். நீ அனுப்பிய முட்டை விலைப் பக்கத்தை நிதானமாகப் பார்த்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் முகப்பு முழுக்கக் கோழிப் படங்கள் ஓடுகின்றன. விலையைப் பார்க்க மூன்று திரை தள்ள வேண்டியிருக்கிறது.

தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் விலைக்காகத்தான் பண்ணைக்காரர் அந்தப் பக்கத்தைத் திறக்கிறார். அந்த எண் முதல் திரையிலேயே, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கட்டும். ஒட்டினாற்போல் தேதி. அதன்கீழ், நேற்றைவிட எத்தனை காசு ஏறியது, இறங்கியது என்ற விவரம். சுற்றிலும் தாராளமாக இடம் விடு. கண் முதலில் எங்கே போக வேண்டும், அடுத்து எங்கே என்று முடிவு செய்வதுதான் லேஅவுட். எல்லாவற்றையும் பெரிதாக்கினால் எதுவுமே கண்ணில் படாது.

அவர் வெயிலில் நின்று செல்போனில் பார்க்கிறவர். வெள்ளையின் மேல் வெளிர் சாம்பல் எழுத்து உன் கம்ப்யூட்டரில் அழகாக இருக்கலாம்; வெயிலில் மறைந்துவிடும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்கின்றன சர்வதேச இணைய அணுகல் நெறிகள். அதை ஒரு பக்கத்திலும் விட்டுக்கொடுக்காதே.

விலையைத் தொட்டால் ஒரு வாரத்து ஏற்ற இறக்கம் அங்கேயே விரியட்டும். தொட்ட நொடியில் பட்டனின் நிறம் மாறட்டும். 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். ஒரு விநாடி வரை நினைப்பு அறுபடாது. 10 விநாடியைத் தாண்டினால் கவனம் சிதறிவிடும். ஜேக்கப் நீல்சன் 1993இல் எழுதிய இந்தக் கணக்கு இன்றும் பொருந்துகிறது. நெட்வொர்க் தாமதமானால், விலை வந்துகொண்டிருக்கிறது என்றாவது திரை சொல்ல வேண்டும். தொட்டால் பதில் வரும் என்ற நம்பிக்கை வந்துவிட்டால், அவர் நாளைக்கும் வருவார்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் கொடு. ‘கீ’யின் கொக்கி மேலே ஏறும், ‘கூ’வின் சுழி கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளியில் இவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். கொஞ்சம் கூட்டி வை. நம் சொற்கள் நீளமானவை. ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பட்டனில் ‘பதிவிறக்கம்’ அடங்காது. அதனால் முதல் நாளிலிருந்தே உண்மையான தமிழ் வாசகங்களைப் போட்டு டிசைன் செய். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற யூனிகோடு எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

1888இல் உங்கள் ஊரில் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை ஓவியத்திலும் பேர் பெற்றவர். படமும் சொல்லும் ஒரே கையில் வந்தது அவருக்கு. உன் தொழிலுக்கும் இரண்டும் வேண்டும். நிறம் தேர்ந்தெடுக்கும் அதே அக்கறையோடு பட்டனில் எழுதும் சொல்லையும் தேர்ந்தெடு.

பக்கத்தை ஒப்படைக்கும் முன், ஒரு பண்ணைக்காரரிடம் செல்போனைக் கொடு. எதையும் விளக்காதே, விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் கவனி. அந்த இடங்களைத் திருத்திவிட்டு எனக்கு மறுபடி அனுப்பு. நீ நன்றாக வருவாய்.

அன்புடன்,
அண்ணன்