எதுவும் சேர்க்காமல் பொங்கும் சாறு

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் தள்ளுவண்டிக்காரரிடம் பன்னீர் திராட்சை வாங்கினால், உடனே வாயில் போட்டுக்கொள்ளாமல் ஒரு பழத்தை உற்றுப் பாருங்கள். கருநீலத் தோலின்மேல் மெல்லிய வெண்பூச்சு இருக்கும். விரலால் தேய்த்தால் அகன்றுவிடும். இதுதான் ஈஸ்ட் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது தவறு. அது பழமே சுரக்கும் மெழுகு. பழத்தின் ஈரம் வற்றாமல் காப்பது அதன் வேலை. ஈஸ்ட் செல்கள் அதில் ஒட்டியிருக்கலாம், ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரியா.

அப்படியானால் நசுக்கிய திராட்சை தானாகவே நுரைத்து மதுவாவது எப்படி? ஐரோப்பாவில் சிறிய அளவில் சிவப்பு ஒயின் தயாரிக்கும் சிலர், வெளியிலிருந்து ஈஸ்டோ இரசாயனமோ சேர்ப்பதில்லை. இரண்டு மூன்று வகைத் திராட்சைகளைத் தோலோடு நசுக்கித் தொட்டியில் விட்டுவிடுகிறார்கள். சிவப்பு நிறம் தோலிலிருந்து இறங்குகிறது. சில நாளில் சாறு பொங்குகிறது. யார் செய்த வேலை இது?

இந்தக் கேள்விக்காக ஒரு பெரிய சண்டையே நடந்தது. 1878இல் மறைந்த கிளாட் பெர்னார்டின் குறிப்புகள் அதே ஆண்டில் வெளியாயின. ஈஸ்ட் இல்லாமலே சாறு நொதிக்கும் என்றன அவை. லூயி பாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. ஆர்பாய் என்ற ஊரில் தம் திராட்சைக் கொடிகளுக்குமேல் கண்ணாடிக் கூடாரம் எழுப்பினார். பழம் கனியுமுன்பே காற்றிலும் பூச்சியாலும் ஈஸ்ட் வந்து சேராதபடி மூடிவிட்டார். கனிந்ததும் நசுக்கிப் பார்த்தார், சாறு நொதிக்கவில்லை! (பெர்னார்டும் முழுக்கத் தோற்றுவிடவில்லை. உயிருள்ள செல் வேண்டாம், அதைப் பிழிந்த சாறே போதும் என்று 1897இல் புக்னர் காட்டினார். ஆனால் அந்தச் சாறும் ஈஸ்டிலிருந்து வந்ததுதானே.)

ஆக, "எதுவும் சேர்க்கவில்லை" என்றால் மனிதன் சேர்க்கவில்லை என்றே பொருள். தோட்டத்திலிருந்தும் தொட்டியிலிருந்தும் பலவகை ஈஸ்டுகள் வந்து சேர்கின்றன. முதலில் பெருகுபவை பெரும்பாலும் எலுமிச்சம்பழ வடிவ ஈஸ்டுகள். ஆல்கஹால் ஐந்து சதவீதத்தை நெருங்கும்போது அவை தளர்ந்து மடிகின்றன. தொடக்கத்தில் மிகச் சிலவாக இருந்த சாக்கரோமைசிஸ் செரிவிசியே அந்தச் சூழலையும் தாங்கி, மீதி ஓட்டத்தை முடிக்கிறது. இந்தத் தொடர் ஓட்டத்தில் அசிட்டிக் அமில பாக்டீரியா புகுந்துவிட்டால் ஓர் ஆண்டு உழைப்பும் வினிகர்தான்.

இந்த அச்சத்தினால்தான் பெரிய ஆலைகள் கந்தக டைஆக்சைடு சேர்த்து வேண்டாத கிருமிகளை அடக்குகின்றன. சேர்க்காதவர்களின் ஒயினிலும் அது சிறிதளவு இருக்கும்! ஈஸ்டே அதை உண்டாக்குவதுதான் காரணம். லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஐரோப்பாவில் புட்டியின்மேல் குறிப்பிட வேண்டும்.

இவ்வளவையும் உங்கள் வீட்டு இட்லி மாவிலேயே காணலாம். அரிசியும் உளுந்தும் கலந்த கலவை. யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. இங்கே முன்னே ஓடுவது ஈஸ்டுகூட அல்ல, லூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்ற பாக்டீரியா. அது பெரும்பாலும் தானியத்தோடு, சிறப்பாக உளுந்தோடு வருகிறது. அமிலமும் கரியமில வாயுவும் தந்து மாவை உப்ப வைக்கிறது. வைகுண்ட ஏகாதசிக்கு வீடு நிறைய விருந்தாளிகள் வந்திருக்கும்போது பார்த்து மாவு பொங்காமல் சதி செய்வதும் இதனால்தான். மார்கழிக் குளிரில் நுண்ணுயிர் மெதுவாகவே பெருகும்.

இரவில் அரைத்த மாவை இரண்டு புட்டிகளில் கால்வாசி ஊற்றி, வாயில் பலூன் மாட்டுங்கள். ஒன்றைச் சமையலறையிலும் மற்றதைக் குளிர்பெட்டியிலும் வையுங்கள். காலையில் பலூன்களை ஒப்பிடுங்கள். திராட்சைச் சாற்றில் இதைச் செய்ய வேண்டாம்: வீட்டில் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம். ஆபத்தும் உண்டு. 180 கிராம் குளுக்கோஸ் முழுதும் நொதித்தால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கரியமில வாயுவும் உண்டாகும். அந்த வாயு சுமார் 45 லிட்டர் இடம் கேட்கும். இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில் அதற்கு இடமேது?